வன்னியில் சண்பகம்: விதை, மண், முதல் மூன்று கோடை

(கேள்வி பதில் உரையாடல். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வேலிக்கதியால்

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கோயில் வளவில் மஞ்சள் சண்பகம் நாலு கன்று வைக்கும் யோசனை. இடத்தின் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்கபில மண். மேலே இரண்டரை அடிக்கு நல்ல மண், அதற்குக் கீழே கிறவல் (இறுகிய சரளைக்கல் மண்). தண்ணீர் குழாய்க்கிணற்றில் இருந்து. கேத்திலில் வெள்ளையாகப் படியும் தண்ணீர். தெற்கும் மேற்கும் வெட்டை, சோளகம் (தென்மேல் காற்று) தடையில்லாமல் அடிக்கும். கிழக்கு மூலையில் மாரிக்கு இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கும். கட்டாக்காலி மாடுகள் வரும்.

கேள்விகள் மூன்று. காய்ந்த விதை பைக்கற்றில் விற்கிறார்கள், வாங்கலாமா? கன்றை ஐப்பசியில் வைப்பதா, தை பிறந்த பிறகு வைப்பதா? ஈரவலயத்து மரம் வன்னி வெக்கைக்குத் தாங்குமா?

நாற்றுமேடை

பைக்கற் விதையை வாங்காதீங்கோ தம்பி. சண்பக விதை காய்ந்தால் செத்தது. வெண்டி, பயிற்றை விதை மாதிரிப் போத்தலில் போட்டு வைக்கிற சாமான் இல்லை இது. சாதாரணமாக வெளியில் வைத்தால் இரண்டு கிழமைக்குள்ளேயே முளைப்புத்திறன் போய்விடும். கடைத்தட்டுக்கு வரும்போதே அந்த இரண்டு கிழமை முடிந்திருக்கும்.

மரத்தடிக்குப் போய் எடுக்க வேண்டும். காய்கள் குலையாக இருக்கும். ஒவ்வொரு காயும் ஒரு சின்னப் புளியங்கொட்டைப் பருமன், தோலில் வெள்ளைப் புள்ளி. முற்றினால் வெடித்து, உள்ளே செந்நிறச் சதை போர்த்த விதைகள் தெரியும். சிலது மெல்லிய நூலில் தொங்கும். குலையில் முதற்காய் வெடித்தவுடன் முழுக்குலையையும் வெட்டி எடுங்கோ. எல்லாம் வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் பறவைகள் முடித்துவிடும். நிழலில் சாக்கில் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் மிச்சமும் வெடிக்கும். வெயிலில் பரப்பக்கூடாது.

அடுத்தது சதை கழற்றுவது. அநேகர் பிழைவிடுவது இதிலேதான். அந்தச் சிவப்புச் சதை எண்ணெய்ப் பசை உள்ளது. அதோடு விதைத்தால் எறும்பு வரும், பூஞ்சணம் பிடிக்கும், முளையும் பிந்தும். விதையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவையுங்கோ. பிறகு ஈர மணலோடு சேர்த்து ஒரு பழைய சாக்குத் துண்டில் மடித்து உள்ளங்கையால் உருட்டித் தேயுங்கோ. அழுத்தி நசுக்க வேண்டாம், உள்ளே ஓடு மெல்லியது. சதை போனபின் கறுத்த விதை வரும். விரலுக்கு வழுக்கினால் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு துளி சவர்க்காரத் தண்ணீரில் அலசி, மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கோ. வாளியில் மிதக்கிறதை வீசிவிட்டு, தாழ்ந்ததை அன்றைக்கே விதையுங்கோ.

மேடை: ஆற்று மணல் ஒரு பங்கு, ஊறிப் பிழிந்த தும்புத்தூள் ஒரு பங்கு. விதைக்கும் ஆழம் ஒரு சென்ரிமீற்றர். இடைவெளி இரண்டு விரல். மேலே எலிக்காகச் சிறுகண் கம்பிவலை, அதற்கு மேல் பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை. முளை ஒரு மாதமளவில் தொடங்கும், சில விதை மூன்று மாதமும் எடுக்கும். இருபதாம் நாள் கிளறிப் பார்க்கிற ஆட்களால்தான் பாதி விதை வீணாகிறது. மேடையை ஈரமாக வையுங்கோ, சேறாக வைக்காதீங்கோ. சேறானால் முளைத்த கன்று கழுத்தில் கறுத்துச் சாயும்.

தூரத்தில் இருந்து கொண்டுவருவதென்றால், கழுவிய விதையைப் பிழிந்த தும்புத்தூளில் கலந்து, நாலு துளை போட்ட பொலித்தீன் பையில் கட்டுங்கோ. பஸ்ஸில் வெயில் படாத பக்கம் வைத்து வந்தால் போதும்.

பாலைமரம்

பெயரில் ஒரு தெளிவு வேண்டும். எங்கள் ஆட்கள் சண்பகம் என்றும் செண்பகம் என்றும் சொல்வது ஒரே மரத்தை. (வேலிக்குள் ஊப்ஊப் என்று கத்தும் செண்பகக் குருவி வேறு கதை.) சிங்களத்தில் கினி சப்பு. நேசரிச் சீட்டில் சிலவேளை மிச்சேலியா சம்பக்கா என்றும் சிலவேளை மக்னோலியா சம்பக்கா என்றும் இருக்கும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753 இல் மிச்சேலியா என்று வைத்தார், பின்னர் மக்னோலியாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். இரண்டு சீட்டுக்கும் ஒரே கன்றுதான்.

வாங்கும்போது ஏமாறுவது மனோரஞ்சிதத்தில். அது கொடியாக ஏறும், பூக்காம்பு கொக்கி போல வளைந்திருக்கும். சண்பகத்தை அறிய இலை விழுந்த கணுவைப் பாருங்கோ. கணுவைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல ஒரு வடு முழு வட்டமாக ஓடும். நுனி மொட்டை மூடியிருக்கும் உறை கழன்று விழுந்த அடையாளம் அது. மக்னோலியாக் குடும்பத்தின் கைரேகை என்றே சொல்லலாம். நுனி மொட்டில் பட்டு மாதிரி மெல்லிய உரோமமும் இருக்கும். மோதிர வடு இல்லையென்றால் காசு கொடுக்க வேண்டாம்.

வெள்ளைச் சண்பகம் கலப்பினம். கிட்டத்தட்ட விதையே பிடிக்காது. ஆகவே வெள்ளைச் சண்பக விதை என்று யாரும் விற்றால் அதை நம்ப வேண்டாம். அது பதியில் (கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விடச் செய்து வெட்டுவது) அல்லது ஒட்டில்தான் வரும்.

இன்னொன்று. பலகைக்காக வன்னியில் இதை வைக்காதீங்கோ. கினி சப்புப் பலகை கதவுக்கும் தளபாடத்துக்கும் நல்லது, ஆனால் அது கண்டி, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து மழையில் நிமிர்ந்து வளர்ந்த மரம். இங்கே நிற்கும், பூக்கும், ஆனால் அந்தளவு நேர்த்தண்டு வராது. வன்னிக்குப் பலகை மரம் முதிரையும் பாலையும்.

மண்ணும்நீரும்

மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். வன்னிக்கு ஆண்டுக்குச் சுமார் 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் மழை. அளவு மோசமில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடும். சண்பகத்துக்குச் சதைப்பற்றான வேர். கார்த்திகையில் தண்ணீரில் நின்றால் அழுகும், ஆடியில் காய்ந்தால் கருகும். இரண்டையும் ஒரே வளவில் சமாளிக்க வேண்டும். வேர் ஆழம் போகும்வரை, அதாவது முதல் மூன்று கோடை, கைத்தண்ணீர் இல்லாமல் முடியாது. அதற்குப் பிறகு கடும் வரட்சியில் மட்டும் பார்த்தால் போதும்.

இடம் தெரிவு. நெடுங்கேணி, மாங்குளம், முத்தையன்கட்டு, வவுனியாப் பக்கத்து மேட்டுச் செம்மண் நல்லது. முருங்கன் கரிசல் களிக்கு வேண்டாம், மாரியில் பிசினாகும், கோடையில் வெடித்து வேரை அறுக்கும், காரமும் கூட. அலம்பில், கொக்கிளாய்க் கரைக்கும் வேண்டாம், உப்புக்காற்று இலை விளிம்பைத் தின்னும். குளத்துக்குக் கீழே வயல் தாழ்வும் சரிவராது. உங்கள் கிழக்கு மூலையை மறந்துவிடுங்கோ தம்பி. அங்கே மருதோ இலுப்பையோ வையுங்கோ.

குழி வெட்டமுன் ஒரு சோதனை. இரண்டடி ஆழத்துக்குச் சின்னக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கோ. வடிந்ததும் மறுபடி நிரப்புங்கோ. இரண்டாவது தண்ணீர் ஒரு நாளுக்குள் வடிந்தால் நல்லது. வடியாவிட்டால் ஒன்றரை அடி மேடு கட்டித்தான் வைக்க வேண்டும்.

உங்களுக்குக் கிறவல் இரண்டரை அடியில் இருக்கிறது. குழி மூன்றடி அகலம், இரண்டரை அடி ஆழம். அடியில் அலவாங்கால் ஐந்தாறு இடத்தில் கிறவலை உடைத்துவிடுங்கோ. உடைக்காமல் மேலே எரு நிரப்பினால் குழி ஒரு தொட்டி ஆகிவிடும். மாரித் தண்ணீர் அதற்குள்ளேயே தேங்கும். கன்று நல்ல மண்ணில் நின்றபடியே சாகும், ஏன் என்றும் விளங்காது. வெட்டி எடுத்த மேல்மண்ணோடு நன்றாக உக்கிய மாட்டெரு இரண்டு கூடை கலந்து நிரப்புங்கோ. பச்சை எருவும் வேண்டாம், உக்காத வைக்கலும் வேண்டாம். இரண்டும் கறையானைக் கூப்பிடும்.

நாற்றுமேடை

நடும் காலம் ஐப்பசி. முதல் இரண்டு பெருமழை மண்ணில் இறங்கியபின் வையுங்கோ. கன்று ஒன்றரை அடி உயரமும் பென்சில் தடிப்பும் இருந்தால் போதும். உயரமான கன்றுக்கு ஆசைப்படாதீங்கோ, பையில் அதிக காலம் நின்றதற்கு வேர் சுருண்டிருக்கும்.

மண்ணும்நீரும்

அக்கா, நான் கொஞ்சம் மாறிச் சொல்லுவேன். ஐப்பசியில் வைத்த கன்று வேர் பிடிக்கமுன் கார்த்திகை வெள்ளம் வரும். தை பிறந்து வைத்தால் மண்ணில் ஈரம் இருக்கும், நனைந்து அழுகும் பயம் இல்லை.

பாலைமரம்

தையில் வைத்தால் வேர் ஓட இரண்டு மாதம். பங்குனியில் வெயில் சுள்ளென்று ஏறும், சித்திரைக் கடைசியில் காண்டாவனம் (கத்திரி வெயில்), பின்னாலேயே சோளகம். நாலு மாதக் கன்று அதற்கு எப்படி நிற்கும்? ஐப்பசிக் கன்றுக்கு அதைவிட மூன்று மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது.

மண்ணும்நீரும்

அது நியாயம் ஐயா. அப்படியென்றால் இப்படிப் பிரிப்போம். வடிகால் சோதனையில் தேறிய இடத்துக்கு ஐப்பசி. மேடு கட்ட வேண்டிய இடத்துக்கு, மேட்டை ஐப்பசியிலேயே கட்டி மழையில் இறுகவிட்டு, மார்கழி நடுவில் மழை தணிந்ததும் நடுவது. புது மேட்டில் உடனே நட்டால் மண் தாழ்ந்து கன்றின் கழுத்து வெளியே வரும், அல்லது புதையும். தையைத் தாண்டக்கூடாது என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன்.

வேலிக்கதியால்

விளங்குகிறது. சோதனைக்குழி வெட்டிப் பார்த்தேன், மேற்குப் பக்கம் இரண்டாவது தண்ணீர் ஏழு மணித்தியாலத்தில் வடிந்தது. தண்ணீர் எவ்வளவு விட வேண்டும்? காற்றுக்கு என்ன செய்வது?

மண்ணும்நீரும்

அப்போ ஐப்பசிதான்.

தண்ணீர்க் கணக்கு, செம்மண்ணுக்கு: முதலாம் கோடை, மாசியில் இருந்து புரட்டாதிவரை, மூன்று நாளுக்கொருக்கா கன்றுக்கு 20 லீற்றர். இரண்டாம் கோடை ஐந்து நாளுக்கொருக்கா 40. மூன்றாம் கோடை கிழமைக்கொருக்கா 70. நாலு கன்றுக்கும் சேர்த்து முதல் வருடம் நாளொன்றுக்கு 27 லீற்றர்தான் வருகிறது, மூன்றாம் வருடமும் 40 தான். ஒரு வீட்டுக் கிணறு தாராளமாகத் தாங்கும். மணல் கூடின இடமென்றால் அளவைப் பாதியாக்கி, தடவையை இரட்டிப்பாக்குங்கோ. நாளாந்தம் ஒரு செம்பு ஊற்றுவதுதான் கூடாது. மேல்மண் மட்டும் நனையும், வேர் மேலேயே சுற்றும், ஒரு கிழமை தவறினால் எல்லாம் போச்சு.

கன்றில் இருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டு அங்குல பீவீசீ குழாய்த் துண்டு ஒன்றை ஒன்றரை அடி ஆழத்துக்கு நட்டு, அதற்குள் பாதித் தண்ணீரை விடுங்கோ. வேர் அதைத் தேடிக் கீழே போகும். வாயைச் சிரட்டையால் மூடிவிடுங்கோ, நுளம்பு வராது. கன்றைச் சுற்றிய தண்ணீர்ப் பாத்தியை ஒவ்வொரு வருடமும் கிளை விரிந்த அளவுக்கு வெளியே தள்ளிக் கட்ட வேணும்.

காய்ந்த சருகு நாலு விரல் தடிப்புக்கு மூடுங்கோ, ஆனால் தண்டில் இருந்து ஒரு சாண் விட்டு. தண்டில் முட்டினால் கறையான் நேரே பட்டைக்கு ஏறும்.

பாலைமரம்

காற்றுக்கு: தெற்கிலும் மேற்கிலும் நாலடி உயரக் கிடுகு மறைப்பு. கிழக்கைத் திறந்து விடுங்கோ, காலை வெயில் தேவை. அதற்கு வெளியே, கன்றில் இருந்து ஐந்தடி தள்ளி, கிளிரிசிடியாக் கதியால் இரண்டடிக்கு ஒன்றாக ஊன்றுங்கோ. கிடுகு உக்கிப்போக முன் கதியால் தழைத்துவிடும். வெட்டும் குழையைக் கன்றடிக்கே போடலாம், நல்ல பசளை. வாழையும் வைக்கலாம், ஆனால் தண்ணீரைப் பங்கு கேட்கும், மூன்றாம் வருடத்தோடு கிளப்பிவிட வேண்டும்.

ஊன்றுதடி ஒன்றும் வேண்டும். இறுக்கிக் கட்டாமல் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கோ. சண்பகக் கிளை முறியக்கூடியது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கிழக்குக் கரையில் ஏறி வன்னியைக் கடந்தது போன்ற காற்றுக்கு, இரட்டைத் தண்டு விட்ட மரம் கவட்டில் கிழியும். இரண்டாம் வருடத்திலேயே ஒரு தண்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டுங்கோ. வளர்ந்தபின் பெரிய கிளை வெட்டினால் புண் ஆற நாள் எடுக்கும், உள்ளே உக்கல் இறங்கும்.

கட்டடத்தில் இருந்தும் கிணற்றில் இருந்தும் 25 அடி, மரத்துக்கு மரமும் அவ்வளவே. மேலே மின்கம்பி போகாத இடம்.

விடியற்பூ

கோயிலுக்கு என்றபடியால் பூ எப்போ என்ற கேள்வி வரும். விதைக்கன்று பூக்க எட்டுப் பத்து வருடம் ஆகலாம். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். நாலில் இரண்டு ஒட்டு, இரண்டு விதை என்று வைத்தால் இடைக்காலத்துக்குப் பூ இருக்கும், பிற்காலத்துக்குப் பெருமரமும் இருக்கும். ஒட்டு இடம் நிலத்தில் இருந்து நாலு விரலாவது மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே வரும் துளிரைக் கண்டவுடன் கிள்ளுங்கோ, விட்டால் அடிக்கன்றே மரமாகிவிடும்.

பதி வைக்க விரும்பினால்: பெருவிரல் தடிப்புள்ள, நேராக வளரும் கிளையில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக எடுங்கோ. கீழிருக்கும் வழுவழுப்பான படையைக் கத்தி முதுகால் சுரண்டுங்கோ. அந்தப் படை விட்டால் மேலும் கீழும் பட்டை ஒட்டிக்கொள்ளும், வேர் வராது. மேல் விளிம்பில் வேர்விடும் ஹோர்மோன் தூள் தடவி, பிழிந்த தும்புத்தூளை ஒரு தேங்காய் அளவுக்கு வைத்துப் பொலித்தீனால் கட்டுங்கோ. மாரி தொடங்கமுன் கட்டினால் நல்லது. இரண்டு மூன்று மாதத்தில் பொலித்தீனுக்குள் வேர் தெரியும். வெள்ளை வேர் கபில நிறமானபிறகு வெட்டுங்கோ.

பூ இலைக்கக்கத்தில் வருவது. ஆகவே எல்லா நுனியையும் வெட்டி அழகுபடுத்தினால் அந்தப் பருவப் பூ போய்விடும். பூத்து முடிந்தபின் இலேசாக நுனி கிள்ளலாம். முதல் மாலை பூவின் பெண்பகுதி ஏற்கும் நிலையில் இருக்கும், மகரந்தம் பிறகுதான் உதிரும். வண்டுகள்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பது. காய் வேண்டுமென்றால் சில பூவை மரத்திலேயே விடுங்கோ, எல்லாவற்றையும் பறித்துவிட்டு விதைக்குப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பூசைக்கு எடுப்பது விடியமுன். இதழ் இறுக்கம் விட்டு நுனி மட்டும் விரிந்த மொட்டைக் காம்போடு கிள்ளுங்கோ. இதழில் விரல் பட்ட இடம் அரை மணித்தியாலத்தில் கபில நிறமாகும், ஆகவே காம்பில்தான் பிடிக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த துணி விரித்த பெட்டியில் ஒரு அடுக்காக வைத்து, வாழையிலையால் மூடுங்கோ. தண்ணீர் தெளித்தால் இதழ் கறுக்கும்.

வேலிக்கதியால்

மிக்க நன்றி. வேறோர் இடத்தில் நிற்கும் இரண்டு வயதுக் கன்றில் இலை மஞ்சளாகிறது, உரம் போடவா என்று ஒருவர் கேட்கச் சொன்னார். தண்ணீர் இதே மாதிரி வெள்ளை படியும் தண்ணீர்தான்.

மண்ணும்நீரும்

எந்த இலை என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கோ. மஞ்சள் என்றவுடன் யூரியா போடுவது கூடாது.

நுனி இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கிறது: இரும்பு குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் காரத்தைக் கூட்டி அதைப் பூட்டி வைத்துவிடும். அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறுகிறது: தழைச்சத்து, உக்கிய எரு போதும். இலை மங்கி, மண் ஈரமாக இருந்தும் வாடித் தொங்குகிறது: வேர் மூச்சுமுட்டுகிறது, தண்ணீரை நிறுத்தி வடிகால் வெட்ட வேண்டும். விளிம்பும் நுனியும் கருகுகிறது: உப்பு. புதுத் துளிர் வரும் நேரம் சில பழைய இலை மஞ்சளாகி விழுகிறது: ஒன்றும் செய்ய வேண்டாம், என்றும்பச்சை மரமும் பழைய இலையை உதிர்க்கத்தான் செய்யும்.

இரும்பு என்றால்: மழைத்தண்ணீர் ஒரு லீற்றரில் அரைத் தேசிக்காய்ச் சாறு பிழிந்து, பெரஸ் சல்பேற்று (இரும்புச் சல்பேற்று) 3 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இரு பக்கமும் தெளியுங்கோ. பத்து நாள் விட்டு இன்னும் இரண்டு முறை. குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் துருவாகி அடியில் படியும், பிரயோசனம் இல்லை. முதலில் ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போவது புத்தி. நிலையான வழி சருகு மூடுபடையும், கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து முடிந்தபோதெல்லாம் மாறி மாறி விடுவதும்.

உப்பு என்றால் தண்ணீரின் மின்கடத்துதிறனை (உப்புக் கூடினால் இதுவும் கூடும்) அளந்து பாருங்கோ. மீற்றருக்கு 0.7 டெசிசீமன்சுக்குக் கீழே பயமில்லை. அதற்கு மேலே போகப்போகக் கவனம் கூட வேண்டும், சண்பகம் உப்புத் தாங்கும் மரம் இல்லை.

நாற்றுமேடை

அந்தக் கன்றில் எறும்பு ஏறுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கோ. ஏறினால் இலையடியிலும் இளந்தண்டிலும் செதில்பூச்சி இருக்கும். கபிலப் புள்ளி மாதிரி ஒட்டியிருக்கும், நகத்தால் கிளப்பினால் ஈரமாக நசியும். அது வடிக்கும் இனிப்புத் தண்ணீரில் கரிப்பூஞ்சணம் பிடித்து இலை புகை படிந்தது போலாகும். சின்னக் கன்றுக்குப் பழைய பற்பிரசும் சவர்க்காரத் தண்ணீரும் காணும். கூடினால் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் கொஞ்சம் திரவச் சவர்க்காரமும் அடித்துக் கலக்கி, பின்னேரம் தெளியுங்கோ. கிழமைக்கொருக்கா மூன்று முறை. எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் தெளிப்பது வீண் வேலை.

முன்பக்கம் தடித்துப் பின்பக்கம் ஒடுங்கின பச்சைப் புழு இலையைத் தின்றால், அது பச்சைப் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சியின் குட்டி. நெட்டிலிங்கத்திலும் அன்னமுன்னாவிலும் வருவது அதுவே. பெரிய மரத்துக்கு அதால் ஒரு சேதமும் இல்லை, விட்டுவிடுங்கோ. இரண்டடிக் கன்றென்றால் கையால் எடுத்து அன்னமுன்னாவில் விடலாம்.

வேலிக்கதியால்

கடைசியாக ஒன்று அக்கா. பையைக் கிழித்தபின் ஆணிவேர் அடியில் சுருண்டிருந்தால் அப்படியே வைப்பதா?

நாற்றுமேடை

அப்படியே வைத்தால் சுருண்டபடியே தடிக்கும், ஏழாம் எட்டாம் வருடக் காற்றுக்கு மரம் அடியோடு சாயும். பையின் அடியில் இரண்டு விரல் உயரத்தைக் கூரான கத்தியால் குறுக்கே வெட்டி எறியுங்கோ, பக்கங்களில் மேலிருந்து கீழாக இரண்டு மெல்லிய கீறல் போடுங்கோ. மண்கட்டி உடையக்கூடாது, சண்பக வேர் சதைப்பற்றானது, முறிந்தால் லேசில் ஆறாது. வெட்டுவதற்கு முதல் நாள் பின்னேரம் பைக்கு நிறையத் தண்ணீர் விட்டு வையுங்கோ, கட்டி இறுகி நிற்கும். பையில் மண் நின்ற மட்டமே குழியிலும் மட்டம், ஒரு விரலும் கீழே போகக்கூடாது. நட்டு மிதித்து இறுக்காமல், 20 லீற்றரை மெதுவாக விட்டு மண்ணைத் தானாகப் படியவிடுங்கோ. கிடுகு மறைப்பை அன்றைக்கே கட்டுங்கோ, நாளைக்கு என்று விடாதீங்கோ.